பட்டும் கூந்தலும்: சுருள் முடியை வெப்பமின்றி நேராக்குதல்

மைசூர் நகரின் மானந்தவாடி சாலையில் பட்டுத் தொழிலைச் சார்ந்த இரண்டு பெரிய நிலையங்கள் உள்ளன. ஒன்று, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1912-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பட்டு நெசவாலை. மற்றொன்று, 1961-இல் தோன்றி, மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் இயங்கிவரும் மத்தியப் பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிலையம். பட்டு இந்நகர மக்களின் பேச்சிலும் கலந்துவிட்ட பொருள். வழவழப்பாகவும் நேராகவும் விழும் கூந்தலைக் கண்டால் அதைப் பட்டுப் போன்றது என்று புகழ்வது தமிழ்நாட்டில் போலவே இங்கும் வழக்கம். இந்தப் புகழ்ச்சியைக் கேட்டு வளரும் பெண்களுள் இயற்கையிலேயே சுருள் முடி அமைந்தவர்கள், அதனை எவ்வாறேனும் நேராக்கிக் கொள்ள விரும்புவதில் வியப்பில்லை.

இவ்விருப்பத்தை நிறைவேற்றுவதாகக் கூறும் பசைகளும் களிம்புகளும் இன்று சிறு நகரங்களின் கடைகளிலும் கிடைக்கின்றன. மின்சாரத்தால் சூடேறும் தட்டுகளும் வீடுகளில் புழங்குகின்றன. முடிக்கும் உடலுக்கும் தீங்கு நேராமல், வெப்பமும் கடும் ரசாயனங்களும் இன்றி, சுருள் முடியை நேராக்க இயலுமா என்று களப் பணியாளர்களிடமும் ஆசிரியைகளிடமும் பெண்கள் வினவுவதுண்டு. இயலும்; ஆனால் அது தற்காலிகமாகவே இயலும் என்பதே விஞ்ஞானம் தரும் விடை. நீரைக் கொண்டு பெற்ற நேர்த்தி நீராலேயே நீங்கிவிடும். நீராலும் நீங்காத நேர்த்தி வேண்டுமெனில் முடியின் உள்ளமைப்பையே உடைத்தாக வேண்டும். மென்மையான முறை, நிலையான பயன் ஆகிய இரண்டையும் ஒருங்கே தருவதாக விற்பனையாளர் கூறினால், அக்கூற்றை ஏன் ஐயுற வேண்டும் என்பதை முடியின் அமைப்பை அறிந்தவர் எளிதில் உணர்வர்.

முடியின் அமைப்பு

தலைமுடி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். அதன் வெளிப்புறத்தில் மீன் செதில்களைப் போன்ற மெல்லிய தகடுகள், வேர்ப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பல அடுக்குகளாக அமைந்துள்ளன. இச்செதில்கள் படிந்து கிடக்கும் வரையில் முடி வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அவை தூக்கி நிற்கும்போதோ உதிர்ந்துவிடும்போதோ முடி சொரசொரப்பாகிச் சிக்கலடையும். செதில்களுக்கு உள்ளே, முடியின் பெரும்பகுதியாக விளங்குவது நீண்ட நார்களால் ஆகிய உட்பகுதி. முடியின் வலிமையும் வளையும் தன்மையும் இவ்வுட்பகுதியைப் பொறுத்தவை.

இந்நார்கள் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. ஆட்டு மயிர், மாட்டுக் கொம்பு, குளம்பு, நகம் ஆகியவையும் கெராட்டின் வகைப் புரதங்களால் ஆனவையே. கந்தகம் மிகுதியாகக் கலந்திருப்பது இப்புரதத்தின் சிறப்பு. முடியைத் தீயில் காட்டினால் எழும் கடுமையான நாற்றத்துக்கு அதிலுள்ள கந்தகமும் ஒரு காரணம்.

தோலுக்கு மேலே வந்துவிட்ட முடியில் உயிர் இல்லை. எனவே அதில் ஏற்படும் சிதைவை உடல் தானே சரிசெய்ய இயலாது. தோலில் புண் ஏற்பட்டால் ஆறிவிடுகிறது. முடி பழுதுபட்டால் அப்பகுதி வளர்ந்து வெட்டப்படும் வரையில் பழுதாகவே இருக்கும். முடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டரே வளர்கிறது. ஆகவே முப்பது செண்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனிப்பகுதி இரண்டரை ஆண்டு வயதுடையது. அத்தனை காலத்தில் பட்ட வெயில், சீப்பு, சோப்பு ஆகிய அனைத்தின் விளைவுகளும் அதில் தங்கியிருக்கும்.

பட்டிலிருந்து முடி வேறுபடுவது எவ்வாறு?

பட்டும் புரதமே. எனினும் அதன் அமைப்பு முற்றிலும் வேறு. பட்டுப்புழு தன் வாயிலிருந்து நூலை வெளியிடும்போதே புரதச் சங்கிலிகள் நீட்டி இழுக்கப்பட்டு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நெருங்கிப் படிந்து, தகடுகளைப் போல் அடுங்கி விடுகின்றன. முடியின் கெராட்டினிலோ ஒவ்வொரு சங்கிலியும் சுருள்வில்லைப் போலத் திருகிக் கிடக்கிறது.

இவ்வேறுபாட்டை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் கம்பள நார்களை ஆராய்ந்து வந்த வில்லியம் ஆஸ்ட்பரி என்பவர். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் முடியையும் கம்பள நாரையும் எக்ஸ்-கதிர்களால் படமெடுத்தார். சாதாரண முடி ஒருவகைப் படத்தைத் தந்தது. ஈரமாக்கி நன்கு இழுத்துப் பிடிக்கப்பட்ட முடியோ வேறொரு வகைப் படத்தைத் தந்தது. அது பட்டின் படத்தைப் பெரிதும் ஒத்திருந்தது. இழுவையைத் தளர்த்தி மீண்டும் நனைத்தவுடன் பழைய படமே திரும்பக் கிடைத்தது. மடிந்து கிடக்கும் சங்கிலிகள் இழுக்கும்போது நீள்கின்றன, விட்டவுடன் மடிந்து கொள்கின்றன என்று ஆஸ்ட்பரி முடிவு செய்தார். அந்த மடிப்பு திருகு வடிவமானது என்பதை அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1951-இல் விளக்கினர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். சங்கிலியின் இந்தத் திருகு வேறு. கண்ணுக்குத் தெரியும் முடியின் சுருள் வேறு. நேரான முடியிலும் சங்கிலிகள் திருகியே உள்ளன. முடியின் சுருளுக்குக் காரணம் மயிர்க்காலின் வடிவம். நேரான மயிர்க்காலிலிருந்து நேரான முடியும், தோலுக்குள் வளைந்து கிடக்கும் மயிர்க்காலிலிருந்து சுருள் முடியும் தோன்றுகின்றன. வளைந்த மயிர்க்காலில் முடியின் இரு பக்கங்களும் ஒரே சீராக உருவாவதில்லை; அந்த வேறுபாட்டோடேயே முடி கெட்டியாகி வெளிவருகிறது. மயிர்க்காலின் வடிவம் பரம்பரையாக வருவது. தலையில் எதைத் தடவினாலும் அது மாறுவதில்லை. எம்முறையால் நேராக்கப்பட்ட கூந்தலாயினும் அதன் அடியில் புதிதாக வளர்வது சுருள் முடியாகவே இருக்கும்.

இரு வகைப் பிணைப்புகள்

கெராட்டின் சங்கிலிகளின் வடிவத்தை நிலைநிறுத்தும் பிணைப்புகளுள் இரண்டு முக்கியமானவை.

முதலாவது ஹைட்ரஜன் பிணைப்பு. இது தனித்தனியே மிகவும் வலுக்குறைந்தது. ஆனால் எண்ணிக்கையில் மிகுதி. நீர் இதனை எளிதில் அவிழ்த்துவிடும். முடி நன்கு நனையும்போது தன் எடையில் ஏறத்தாழ 30 சதவிகிதம் வரை நீரை உட்கொள்கிறது. அந்நீர் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து பிணைப்புகளை விலக்குகிறது. முடி உலரும்போது, அது அவ்வேளையில் எந்த வடிவில் பிடிக்கப்பட்டிருக்கிறதோ அந்த வடிவிலேயே பிணைப்புகள் மீண்டும் அமைகின்றன. இரவில் ஈரத்தோடு பின்னிய கூந்தலைக் காலையில் அவிழ்த்தால் அலையலையாக நிற்பது இதனால்தான். கஞ்சியிட்ட பருத்திச் சேலையை உதறி இழுத்துக் காயவைத்தால் சுருக்கமின்றி விறைப்பாகக் காய்வதும், சுருட்டி வைத்தால் சுருக்கங்களுடன் காய்வதும் ஏறத்தாழ இதே தத்துவத்தின்பாற்பட்டவை.

இரண்டாவது கந்தகப் பிணைப்பு. அடுத்தடுத்த இரு சங்கிலிகளில் உள்ள கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, ஏணியின் படிகளைப் போல அவற்றைப் பிணைக்கின்றன. நீரோ சாதாரண வெப்பமோ இதை அசைக்க முடியாது. இழுத்து நேராக்கிய முடி, நனைந்தவுடன் தன் பழைய சுருளுக்குத் திரும்புவதற்குக் காரணம் இப்பிணைப்புகள் அறுபடாமல் இருப்பதே. தயோகிளைக்காலிக் அமிலம் என்னும் பொருளால் கெராட்டினின் கந்தகப் பிணைப்பைப் பிரிக்கலாம் என்பதை 1934-இல் நியூயார்க்கில் காடார்டும் மைக்கேலிசும் விளக்கினர். முடியை நிலையாகச் சுருட்டவும் நேராக்கவும் பயன்படும் பல பசைகளுக்கு அடிப்படை அதுவே.

பட்டில் கந்தகப் பிணைப்புகள் மிக மிகக் குறைவு. இதிலிருந்து நடைமுறைக்குரிய பாடம் ஒன்று கிடைக்கிறது. கச்சாப் பட்டின் மேலுள்ள பசைப்பொருளை நீக்குவதற்கு அதனைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்க வைப்பது நெசவுத் தொழிலில் வழக்கம். அளவறிந்து செய்தால் அந்தக் கார நீரிலிருந்து பட்டு மெருகேறி வெளிவரும். அதே நீரில் முடியை இட்டால் கந்தகப் பிணைப்புகள் தாக்கப்பட்டு, முடி உப்பி, வலுவிழந்து போகும். பட்டுக்கு நன்மை செய்வது முடிக்கும் நன்மை செய்யும் என்று கருதுவது தவறு.

காற்றின் ஈரமும் கூந்தலும்

முடியை நனைப்பதற்குக் குளியல் நீர்தான் வேண்டும் என்பதில்லை. காற்றிலுள்ள ஈரமே போதுமானது. ஜெனீவாவைச் சேர்ந்த ஹொராஸ் பெனடிக்ட் டி சொசூர் என்ற விஞ்ஞானி, மனித முடியைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியொன்றை அமைத்து, 1783-இல் அதைப் பற்றி நூல் எழுதினார். எண்ணெய்ப் பசை நீக்கப்பட்ட முடி, முற்றிலும் வறண்ட நிலையிலிருந்து ஈரம் நிறைந்த நிலைக்கு வரும்போது நூற்றில் இரண்டு முதல் இரண்டரைப் பங்கு வரை நீள்கிறது. இச்சிறு மாறுதலை ஒரு முள்ளின் அசைவாகப் பெரிதாக்கிக் காட்டுவதே அக்கருவியின் செயல். வானிலை நிலையங்களில் முடியைக் கொண்டு இயங்கும் ஈரமானிகள் நெடுங்காலம் பயன்பட்டன.

மைசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. மாசி, பங்குனி மாதங்களில் அங்குக் காற்று வறண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழை வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் ஈரம் மிகுந்திருக்கும். வறண்ட பருவத்தில் நேராக்கிய கூந்தல் அடுத்த முழுக்கு வரையிலும்கூட நேராக நிற்கலாம். மழைப் பருவத்திலோ வீட்டை விட்டு வெளியே வந்த சற்று நேரத்திலேயே சுருளத் தொடங்கிவிடலாம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதியில் இந்நிலையே நிலவும். இதற்கு முறையின் குறையோ செய்தவரின் குறையோ காரணமன்று. முடி தன் இயல்புப்படி நடந்து கொள்கிறது, அவ்வளவே.

வெப்பமின்றி நேராக்கும் முறை

மேற்கூறிய தத்துவத்தை ஒட்டி அமைந்த முறை மிக எளிது: முடியை நனைத்தல், நீட்டிப் பிடித்தல், அந்நிலையிலேயே முழுவதும் உலரவிடுதல். எனினும் ஒவ்வொரு படியிலும் கவனம் தேவை.

முதலில் முடியைக் கழுவ வேண்டும். துணி வெளுக்கும் சோப்பும், காரம் மிகுந்த குளியல் சோப்பும் செதில்களைத் தூக்கிவிடும். கடின நீரில் சோப்பைப் பயன்படுத்தினால் வெண்மையான கசடும் முடியில் படிந்துவிடுகிறது. சீகைக்காய்த் தூளும், தமிழில் அரப்பு என்றும் கன்னடத்தில் சிகரே என்றும் வழங்கும் உசில் இலைத்தூளும் முடியைத் தூய்மையாக்கப் போதுமானவை. தூள் நன்றாகச் சலிக்கப்பட்டிருக்க வேண்டும். திப்பி கலந்த தூள் முடியை உராய்ந்து கெடுக்கும். மென்மையான ஷாம்பூவைப் பயன்படுத்துவதிலும் தவறில்லை.

கழுவுவதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவும் நம் நாட்டு வழக்கத்துக்கு ஆராய்ச்சியின் ஆதரவு உண்டு. மும்பையில் ரேலே, மொஹிலே ஆகிய இருவர் தேங்காய் எண்ணெயையும், சூரியகாந்தி எண்ணெயையும், கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2003-இல் வெளியாயிற்று. முடியைக் கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது என்று அவர்கள் கண்டனர். அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் முடிக்குள் புக வல்லது என்பது அவர்கள் தந்த விளக்கம். எனினும் எண்ணெய் முடியை நேராக்குவதில்லை. முடி கெடாமல் காப்பதே அதன் பணி.

அடுத்தது கொழகொழப்பான பசையைத் தடவுதல். ஆளி விதை இரண்டு மேசைக்கரண்டி அளவு எடுத்து, இரண்டு தம்ளர் நீரில் இட்டு, அடுப்பில் வைத்துக் கிளறினால் சில நிமிடங்களில் முட்டை வெண்கருவைப் போன்ற பசை உண்டாகும். சூடு தணிவதற்கு முன்பே துணியில் வடிகட்டிவிட வேண்டும். ஆறினால் வடிகட்டுவது கடினம். நன்கு ஆறிய பின்னரே தலையில் தடவ வேண்டும். ஆளி விதை கிடைக்காத ஊர்களில் செம்பருத்தி இலையை நீரில் கசக்கிப் பிழிந்த சாற்றையோ, இரவு முழுவதும் ஊறிய வெந்தயத்தை அரைத்து வடித்த பசையையோ பயன்படுத்தலாம். இவை யாவும் உலரும்போது முடியின்மேல் மெல்லிய ஏடாகப் படிந்து, நீட்டிய நிலையைக் காக்கத் துணை செய்கின்றன. இவை முடிக்குள் புகுந்து அதை மாற்றுவதாகக் கருதலாகாது. ஒருநாள் செய்த பசையைப் பல நாள் வைத்திருந்தால் கெட்டுவிடும். அன்றன்று செய்து கொள்வதே நன்று.

பின்னர், பல் அகன்ற சீப்பினால் சிக்கெடுக்க வேண்டும். நுனியில் தொடங்கி, சிறிது சிறிதாக வேரை நோக்கி வருவது முறை. ஈர முடி உலர்ந்த முடியைவிட எளிதில் நீள்கிறது. நீளும் தன்மையே இங்குப் பயன்படுகிறது என்றாலும், அளவு கடந்து இழுத்தால் சங்கிலிகள் திரும்ப மடிய இயலாதபடி சிதைந்து முடி அறுந்துபோகும். சுருள் நீங்கி முடி நேராகும் வரை இழுத்தால் போதும். அதற்கு மேல் ஒரு சிறிதும் வேண்டுவதில்லை.

நீட்டிய முடியைப் பிடித்து வைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முடியை நான்கு அல்லது ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று விரற்கடை இடைவெளிக்கு ஒன்றாக மென்மையான துணி நாடாக்களை நுனி வரையில் கட்டி வருவது ஒரு வழி. கூந்தலைத் தலையைச் சுற்றித் தட்டையாகப் படியுமாறு சுற்றி, ஊசிகளால் நிறுத்தி, மெல்லிய பருத்தித் துணியை மேலே கட்டிக் கொள்வது மற்றொரு வழி. தலையே பெரியதோர் உருளையாக அமைவதால் சுருள் விரிந்து நீண்ட வளைவாக மாறிவிடுகிறது. இருவழியிலும் நாடாவோ துணியோ தோலை இறுக்கக் கூடாது. ரப்பர் வளையங்களை அறவே தவிர்க்க வேண்டும்.

முடி முழுவதும் உலர்ந்த பின்னரே கட்டுகளை அவிழ்க்க வேண்டும். அரைகுறையாக உலர்ந்த முடியில் பிணைப்புகள் அமையாமல் இருப்பதால், அவிழ்த்த மாத்திரத்தில் அது சுருண்டுவிடும். அடர்ந்த நீண்ட கூந்தல் உலர அரைநாள் ஆகலாம். காற்றோட்டமுள்ள நிழல் போதும். விடுமுறை நாளின் காலையில் தொடங்குவது வசதியானது. அவிழ்த்த பின் உள்ளங்கையில் ஓரிரு துளி எண்ணெயைத் தேய்த்து முடியின்மேல் தடவினால், காற்றின் ஈரம் புகுவது ஓரளவு தாமதப்படும்.

இதனால் கிடைக்கும் பயன் முடியின் இயல்பைப் பொறுத்தது. அலையான முடி ஏறத்தாழ நேராகிவிடும். பெரிய சுருள்கள் அலையாகத் தளரும். மிக நெருங்கிய சிறு சுருள்கள் நீண்டு தொங்குமே தவிர நேராக மாட்டா.

தவிர்க்க வேண்டியவை

வீடுகளில் கையாளப்படும் சில முறைகள் மென்மையானவை போல் தோன்றினும் தீமை பயப்பவை. சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவுதல் அவற்றுள் ஒன்று. அது காரத்தன்மை உடையது. அடிக்கடி பயன்படுத்தினால் செதில்கள் தூக்கி, முடி வறண்டு உடையும். சலவைச் சோடா அதனினும் பன்மடங்கு கடுமையானது. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் தோலில் கொப்புளங்களும் கறுப்புத் தழும்புகளும் ஏற்படக் கூடும். பாலும் தேனும் தீங்கற்றவை. ஆனால் முடியை நேராக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

இறுகப் பின்னுவதால் வரும் தீங்கு பலரும் அறியாதது. நாள்தோறும் முடியை இறுக்கி இழுத்துப் பின்னினாலும் கொண்டை போட்டாலும் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி மெலிந்து உதிர்கிறது. தொடக்கத்தில் பழக்கத்தை மாற்றினால் முடி மீண்டும் முளைக்கும். பல ஆண்டுகள் நீடித்தால் மயிர்க்கால்கள் அழிந்து வழுக்கை நிலைத்துவிடும். சுருள் முடியுள்ள சிறுமியின் தலையை அடக்க ஒடுக்கமாகக் காட்ட வேண்டுமென்று கருதி, ஈரத்தோடு இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாருக்கு இதனை எடுத்துரைக்க வேண்டும்.

சூடேற்றிய தட்டுகள் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமடைகின்றன. ஈர முடியில் அவை பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, முடிக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்கி, அவ்விடத்தில் முடி முறியும்படி செய்கிறது.

நிலையான நேர்த்தியின் விலை

நிலையாக நேராக்கும் பசைகளில் சில எரிசோடாவைக் கொண்டவை. கந்தகப் பிணைப்புகளை அறுக்கும் அதே காரம் தலைத்தோலையும் சுட்டுப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தயோகிளைக்காலிக் அமில வகைப் பசைகள் அதனினும் சற்றுக் குறைந்த கடுமையுள்ளவை எனினும், நேரம் தவறினால் முடி இழையிழையாக அறுந்து விழும்.

கெராட்டின் சிகிச்சை என்ற பெயரில் நடைபெறும் முறைகள் வேறு வகையின. இவற்றில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு அல்லது அதை வெளியிடும் பொருள் கலந்திருக்கும். சூடான தட்டை வைத்து அழுத்தும்போது அது வாயுவாக வெளிப்பட்டுக் கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றை எரிக்கிறது. இப்பொருள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் முடிவு செய்தது. ஒருமுறை வந்து செல்லும் வாடிக்கையாளரைவிட, நாள் முழுதும் மூடிய அறையில் அக்காற்றைச் சுவாசிக்கும் அழகு நிலையத் தொழிலாளிக்கே ஆபத்து மிகுதி.

ஃபார்மால்டிஹைடு இல்லை என்று அச்சிடப்பட்ட பசைகளும் தீங்கற்றவை என்று கொள்ளுதற்கில்லை. அவற்றுள் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் உள்ளது. துனீசியாவில் 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், முடியை நேராக்கிக் கொண்ட ஒவ்வொரு முறையும், சிறுநீரகம் பழுதுபட்டது. பயன்படுத்திய பசையில் இவ்வமிலம் இருந்தது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் அப்பசையை எலிகளின் தோலில் தடவிச் சோதித்தபோது, சிறுநீரகங்களில் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் தோன்றியதைக் கண்டு 2024-இல் வெளியிட்டனர்.

2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றும் அறியத்தக்கது. அதில் 33,497 பெண்கள் ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். அவர்களுள் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் ஏற்பட்டது. நேராக்கும் பசைகளைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் இந்நோய் வருவதற்கான வாய்ப்பு 1.64 சதவிகிதம் என்றும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவிகிதம் என்றும் மதிப்பிடப்பட்டது. பசைகளே நோய்க்குக் காரணம் என்று இவ்வாய்வு மட்டும் நிறுவிவிடவில்லை. எந்தப் பொருளால் இவ்வேறுபாடு என்பதையும் அது பிரித்துக் காட்டவில்லை. ஆயினும் எச்சரிக்கைக்கு இது போதுமான காரணமாகும்.

எவரேனும் இத்தகைய பொருளைப் பயன்படுத்தியே தீருவது என்றிருந்தால், குறைந்த அளவு சில செய்திகளையாவது பார்த்து வாங்குமாறு களப் பணியாளர்கள் கூறலாம். 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி, இந்தியாவில் செய்யப்படும் பொருளின் உறையில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய காலவரை, கலந்துள்ள பொருள்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத புட்டியை விலை மலிவு என்பதற்காக வாங்கலாகாது. சிறுமியருக்கும் கர்ப்பிணிகளுக்கும் தலையில் புண் உள்ளவர்களுக்கும் இவற்றைப் பயன்படுத்தவே கூடாது.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

உதிர்ந்த நீண்ட சுருள் முடி ஒன்றே ஆசிரியருக்குப் போதிய கருவி. அதை நனைத்து, மர அளவுகோலின்மேல் நேராக நீட்டி, இரு முனைகளையும் ஒட்டுத்தாளால் ஒட்டி உலரவிட வேண்டும். மறுநாள் எடுத்தால் முடி நேராக இருக்கும். அதைத் தண்ணீரில் இட்டால் மாணவர் கண்ணெதிரிலேயே சுருளும். ஹைட்ரஜன் பிணைப்பு அவிழ்வதையும் கந்தகப் பிணைப்பு நிலைத்திருப்பதையும் இதனினும் எளிதாகக் காட்ட இயலாது.

முடி ஈரமானியும் செய்யலாம். சோப்பினால் கழுவி எண்ணெய் நீக்கிய நீண்ட முடி ஒன்றின் ஒரு முனையை அட்டையின் மேற்புறத்தில் ஒட்ட வேண்டும். மறுமுனையை, ஓர் ஓரத்தில் குண்டூசியால் தளர்வாகக் குத்தப்பட்ட துடைப்பக் குச்சியில், குண்டூசிக்கு அருகே கட்ட வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் முடி நீண்டு குச்சியின் நுனி தாழும், வறண்டால் உயரும். ஒரு மாத காலம் நாள்தோறும் அதன் நிலையைக் குறித்து வந்தால், மழை நாட்களும் வெயில் நாட்களும் அட்டையிலேயே பதிவாகிவிடும்.

இப்பாடத்தோடு சேர்த்துக் கூற வேண்டிய வேறொன்றும் உண்டு. கர்நாடக மாநிலத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து முன்னொரு காலத்தில் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள். 2003-இல் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலருக்கு நெருங்கிய சுருள் முடி இயல்பானது. பிற சமூகங்களிலும், ஒரே குடும்பத்தில் பிறந்த உடன்பிறப்புகளிடையேயும்கூட, நேரான முடியும் அலையான முடியும் சுருள் முடியும் கலந்து காணப்படுகின்றன. வெப்ப உணர்வுள்ள பொம்மைத் தலையில் பல வகை முடிகளைப் பொருத்தி நடத்தி, 2023-இல் வெளியிடப்பட்ட சோதனையொன்றில், வெயிலின் வெப்பம் தலையைத் தாக்காமல் காப்பதில் நெருங்கிய சுருள் முடியே சிறந்தது என்று தெரியவந்தது. இத்தகைய முடியைப் பரட்டை என்று வகுப்பில் எள்ளுவதும், வாரி வரவில்லை என்று தண்டிப்பதும் சிறுமியரை ஆபத்தான பசைகளை நோக்கித் தள்ளுவனவாகும். தலை தூய்மையாக இருக்கிறதா, பேன் இன்றி இருக்கிறதா என்பதே ஆசிரியர் கவனிக்க வேண்டியது. முடி நேராக இருக்கிறதா என்பது அன்று.

திருமண நாளுக்கோ விழா நாளுக்கோ கூந்தலை நேராக்கிக் கொள்ள விரும்புவோருக்கு நீரும் நாடாவும் நிழலும் போதும். அடுத்த முழுக்கில் சுருள் திரும்பி வரும்போது, முடி பழுதுபடாமல் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று என்று அவர்களுக்கு விளக்கிக் கூறலாம்.